சொந்த ஊரைப் படமெடுத்த காகா

எங்கள் ஷெட்டில் எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூர்க் காக்கா இல்லை. குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. 2014 ஜனவரியில் ப்ரஸ் மெஷின் நிறுவுவதற்காக இத்தாலியிலிருந்து வந்து, இரண்டு மாதம் எங்களோடு மோர்பியில் இருந்தார். ஆறடி உயரம், ஐம்பதைத் தாண்டிய வயது, பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி கை. அவர் பெயரை ஒருத்தராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாளே காகா ஆகிவிட்டார்.

மோர்பி தெரியாதவர்களுக்கு: உங்கள் வீட்டுத் தரையில் கிடக்கிற டைல்ஸ் அநேகமாக இங்கிருந்துதான் வந்திருக்கும். இத்தாலிக்கு மோர்பி மாதிரி ஓர் ஊர் உண்டு. மோதெனா நகரத்துக்குத் தெற்கே, அப்பெனைன் மலையடிவாரத்தில் இருக்கிற சாசுவோலோ. காகாவுக்கு வேலை அங்கே. அடியேன் படித்தது விருத்தாசலத்தில் செராமிக் டெக்னாலஜி, 2004 முதல் பிழைப்பு மோர்பியில். மூன்றுமே களிமண்ணை வைத்துச் சாப்பிடுகிற ஊர்கள். மூன்றில் எதையும் பார்ப்பதற்காக யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை.

இந்த மனிதர் மோர்பியில் படம் எடுத்தார். அதுதான் விஷயம்.

வேலை முடிந்ததும் ஒரு பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உடைந்த டைல்ஸ் குவியல், கம்பெனிச் சுவர், லாரிக்காரர்கள் காயப்போட்ட லுங்கி. ஜனவரி 14 உத்தராயண் அன்று ஊரே மொட்டைமாடியில் ஏறிப் பட்டம் விட்டது. காகா அன்றைக்குக் கேமராவை எடுக்கவேயில்லை. மறுநாள் போய் கரண்ட் கம்பியில் சிக்கிக் கிழிந்து தொங்கிய பட்டங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் நிலக்கரி கேஸிஃபயர் ஓடிய காலம் (2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதை மூடச் சொல்லிவிட்டது). எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பல் நிறம் படிந்திருக்கும். அதையும் எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கள் நாட்டில் வெனிஸ் இருக்கு, ரோம் இருக்கு. இங்கே வந்து குப்பையைப் படம் எடுக்கிறீர்களே காகா" என்றேன். வெள்ளைக்காரர் நம் ஏழ்மையைப் படம் பிடித்து ஊரில் போய்க் காட்டப்போகிறார் என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பும் இருந்தது, மறைப்பானேன்.

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து தன் ஊர்ப் படங்களைக் காட்டினார். அங்கேயும் சுவர்தான்! பெட்ரோல் பங்க், பனிமூட்டத்தில் வரிசையாக பாப்ளார் மரங்கள், ஷட்டர் இறக்கிய கடை, முட்டுக்கொடுத்து நிறுத்திய சர்ச், கன்டெய்னரில் நடக்கிற பள்ளிக்கூடம். வெனிஸ் ஒன்றுகூட இல்லை. அன்று ராத்திரி கெஸ்ட் ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைதான் இதையெல்லாம் எழுத வைக்கிறது.

காகா பிறந்த ஊர் ஃபினாலே எமிலியா. மோதெனாவுக்கு வடக்கே, போ நதிச் சமவெளியில். தட்டையான பூமி, குளிர்காலத்தில் மூடுபனி, கோடையில் கொசு. பொலோனியாவிலிருந்து வெனிஸ் போகிற சுற்றுலாக்காரர்கள் ஜன்னலைக்கூடப் பார்க்காமல் கடந்து போகிற பிரதேசம். "ஒன்றுமில்லாத ஊர்" என்றே நினைத்து வளர்ந்ததாகச் சொன்னார். ஊரில் ஒரே ஒரு பெருமை, 1213-ல் கட்டிய மணிக்கூண்டுக் கோபுரம்.

2012 மே 20, அதிகாலை நாலு மணிக்குப் பூகம்பம். கோபுரம் நெடுக்குவாக்கில் பாதி விழுந்தது. மிச்சப் பாதி கடிகாரத்தோடு கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கே பின்னதிர்வில் அதுவும் போயிற்று. மே 29 காலையில் மறுபடி ஒரு பெரிய அதிர்ச்சி, ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரத்தில். தொழிற்சாலைக் கூரைகள் விழுந்தன. இரண்டிலும் சேர்த்து இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஒரு தொழிலாளியும் உண்டு.

காகாவின் அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் கோபுரத்துக்குப் பின் சந்தில் இருந்த வீடு, குடியிருக்க லாயக்கில்லை என்று இடிக்கப்பட்டது. மகள் வீட்டுக்குப் போன அம்மா ஒன்றே ஒன்று கேட்டாராம்: அந்தச் சந்தும், சந்தைப் பார்த்த சமையலறை ஜன்னலும் தெரிகிற மாதிரி ஒரு படம்.

குடும்பம் முழுக்க ஆல்பங்களைப் புரட்டியிருக்கிறது. முப்பது வருஷ ஆல்பம். ரிமினி கடற்கரை, டோலமைட் மலை, ஞானஸ்நானம், கல்யாணம். கோபுரம் மட்டும் நாற்பது தடவைக்கு மேல். சந்து? 1986-ல் புது ஃபியட் ஊனோ வாங்கியபோது அதன் முன்னால் நின்று எடுத்த ஒரு படத்தில், காருக்குப் பின்னால், பாதிக் கதவு. அவ்வளவுதான். ஜன்னல் இல்லை.

அதற்கப்புறம்தான் கேமரா வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போகக்கூடிய தூரம் மட்டும். விழாமல் மிச்சமிருந்ததை எடுத்தார். ஐம்பது வயது வரை பார்க்காத தன் பிரதேசத்தை அப்போதுதான் பார்த்தேன் என்றார். நான் பேசாமல் இருந்தேன். மோர்பியும் 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அடிவாங்கிய ஊர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், நான் மொழிபெயர்க்காமலே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எப்படி எடுப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஒரு சர்வேயர் என்றார்.

அந்த சர்வேயர் பெயர் லூயிஜி கிர்ரி. சாசுவோலோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஸ்காண்டியானோவில் 1943-ல் பிறந்தவர். (ஐரோப்பிய கமிஷன் தலைவராகவும் இத்தாலியப் பிரதமராகவும் இருந்த ரொமானோ ப்ரோதியும் அதே ஸ்காண்டியானோதான். சின்ன ஊர், பெரிய ஆட்கள்.) நிலம் அளக்கிற வேலையில் இருந்துகொண்டே 1970 வாக்கில் படமெடுக்கத் தொடங்கியவர். கலை என்றால் கறுப்பு வெள்ளை என்றிருந்த காலத்தில் கலர் பிலிம், அதுவும் குடும்பப் படங்களைப் போலச் சாதாரணமாகப் பிரின்ட் போட்டது. சர்வே புத்தி போகவில்லை போலிருக்கிறது: 1973-ல் அட்லஸின் பக்கங்களையே கிட்டத்தில் போய்ப் படமெடுத்தார். 1974-ல் ஒவ்வொரு நாளும் வானத்தை ஒரு படம், மொத்தம் 365. பிறகு பத்து வருஷம் சாசுவோலோவின் மராத்ஸி டைல்ஸ் கம்பெனிக்காகவும் படமெடுத்தார். டைல்ஸ் படம் என்றால் நமக்குத் தெரிந்தது கேட்லாக்கில் புடவை கட்டிய பெண் தரையைப் பார்த்துச் சிரிப்பது. கிர்ரிக்கு டைல்ஸின் கட்டங்களே ஒரு வரைபடம். இருபது வருஷம் டைல்ஸோடு மாரடிக்கிற எனக்கு அது தோன்றவில்லை என்பதைப் பணிவோடு ஒப்புக்கொள்கிறேன் :-)

1984-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து இருபது புகைப்படக்காரர்களின் படங்களை "இத்தாலிப் பயணம்" என்ற தலைப்பில் புத்தகமாகவும் கண்காட்சியாகவும் கொண்டுவந்தார்கள். வாழ்த்து அட்டையில் வருகிற இத்தாலி அதில் கிடையாது. ஊர் எல்லை, பஸ் நிறுத்தம், ஆள் இல்லாத கடற்கரை. கிர்ரி 1986-ல் மரீனா தி ரவென்னாவில் எடுத்த ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலி மணல், அதில் ஒரு கால்பந்து கோல் சட்டம், சட்டத்துக்குள் கடல். நம் ஊர் எவனாவது எடுத்திருந்தால் கோல் போஸ்ட் மறைக்குதே என்று நகர்ந்து நின்று எடுத்திருப்பான். நானும்தான்.

1992 பிப்ரவரியில், 49 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு முந்தின மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ரொங்கொச்சேசியில் எடுத்த படத்தில் ஒரு வயல் வாய்க்கால் நேராகப் போய்ப் பனிமூட்டத்தில் காணாமல் போகிறது. மூடுபனியைத் திட்டி வளர்ந்த காகா அந்தப் படத்தை எனக்குக் காட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே சமவெளியில் இன்னொரு ஊர்க் கதையும் சொன்னார். போ நதிக்கரையில் லுத்ஸாரா. "பைசைக்கிள் தீவ்ஸ்" படத்துக்குத் திரைக்கதை எழுதிய சவாட்டினி பிறந்த ஊர் (சத்யஜித் ராய் 1950-ல் லண்டனில் பார்த்துவிட்டுத் தானும் படமெடுப்பது என்று முடிவு செய்தாரே, அதே படம்). பால் ஸ்ட்ராண்ட் என்கிற அமெரிக்கர் ஓர் இத்தாலிய கிராமத்தைப் படமெடுக்க வேண்டும் என்று வந்தபோது, சவாட்டினி அவரைத் தன் ஊருக்கே கூட்டிப்போனார். 1953-ல் எடுத்து 1955-ல் புத்தகமாக வந்தது. வீட்டு வாசலில் ஒரு தாய், சுற்றிலும் ஐந்து மகன்கள், ஒரு சைக்கிள். அந்தப் படம் உலகப் பிரசித்தம். கூடவே ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன வார்த்தைகள். சவாட்டினி அதோடு விடவில்லை. இருபது வருஷம் கழித்து பெரெங்கோ கார்தின் என்ற புகைப்படக்காரரோடு மறுபடி அதே ஊருக்குப் போய் 1976-ல் இன்னொரு புத்தகம். பெரிய ஊர்கூட இல்லை. ஒரு தடவை படமெடுத்தால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2016 செப்டம்பரில் ரிமினியில் நடக்கிற செராமிக் மெஷின் கண்காட்சிக்குக் கம்பெனி என்னை அனுப்பியது. முடிந்ததும் காகா காரோடு வந்து நின்றார். நெடுஞ்சாலையில் போகாமல், பழைய எமிலியா சாலையில் கூட்டிப்போனார். கி.மு. 187-ல் ரோமானியர்கள் ரிமினியிலிருந்து பியாசென்ஸா வரை நூல் பிடித்த மாதிரி போட்ட சாலை. அந்தப் பிரதேசத்துக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ரோமானியச் சாலை என்றதும் நான் கல்தூண் எல்லாம் எதிர்பார்த்தேன். வந்தது என்னவோ சோபா ஷோரூம், கார் கழுவும் இடம், ரவுண்டானா, பாழடைந்த பண்ணை வீடு, மறுபடி சோபா ஷோரூம். எங்கள் மோர்பி–வாங்கானேர் ரோடு மாதிரியே இருந்தது. அரை மணிக்கொரு தரம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். நான் வழக்கம் போல மொபைலை நீட்டிக்கொண்டு, இவர் எதைத்தான் எடுக்கிறார் என்று தேடுவேன். மூன்றாவது நிறுத்தத்தில்தான் எனக்குப் பிடிபட்டது: அவர் எதையும் தேடவில்லை. நின்ற இடத்தில் இருந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஃபினாலேயில் கோபுரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. சந்தைக் காட்டினார். வீடு இருந்த இடம் காலி மனை. அதையும் பல தடவை எடுத்து வைத்திருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. "உனக்கு இந்தியச் சாப்பாடு வாங்கித் தருகிறேன்" என்று நொவெல்லாரா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். குருத்வாரா! 2000-ல் திறந்தது, ப்ரோதி வந்து திறந்துவைத்தாராம். அந்தப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் பால் கறக்கிற வேலைக்கு எத்தனையோ வருஷமாகப் பஞ்சாபிகள் வந்து குடியேறியிருக்கிறார்கள். உலகமே கொண்டாடுகிற பார்மிஜானோ சீஸ் இந்தப் பகுதியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம். சுமார் 40 கிலோ சக்கரம் ஒன்றுக்கு 500 லிட்டருக்கு மேல் பால். அந்தப் பாலை விடிகாலையில் கறக்கிற கைகளில் நிறையக் கைகள் ஜலந்தர், ஹோஷியார்பூர் கைகள். (காகா மோர்பிக்கு வரும்போது ஒரு பாளம் சீஸ் கொண்டுவந்தார். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருளைப் போட்டுத்தான் பாலைத் திரிக்கிறார்கள் என்று அவரே வெள்ளந்தியாகச் சொல்லிவிட, எங்கள் ஜெயின் முதலாளி தட்டை நகர்த்தினார் பாருங்கள்.)

லங்கரில் ரொட்டியும் தாலும் சாப்பிட்டோம். எதிரே உட்கார்ந்திருந்த சர்தார்ஜி, காகாவோடு அந்த வட்டார இத்தாலியனில் மாட்டுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிப் பேசினார், என்னோடு இந்தியில் கிரிக்கெட். வெளியே வந்ததும் காகா அவரை டிராக்டர் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். இந்தப் படங்களைச் சொந்தக்காரர்களிடம் காட்டினால் சிலர் "இது நம் ஊர் இல்லையே" என்பார்களாம். "வேறு யார் ஊர்?" என்று திருப்பிக் கேட்பாராம்.

என் கட்சி இங்கேதான். சொந்த ஊரைப் படமெடுக்கிறேன் என்று நாம் செய்வது பெரும்பாலும் ஊரைக் கழுவி எடுப்பது. நமக்கு வேண்டாத கம்பி, போர்டு, புதிதாக வந்து குடியேறியவர்கள், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, நாம் விட்டுவந்தபோது இருந்த ஊரை ஜோடித்துக்கொள்கிறோம். ஃபெலினியும் அதைத்தான் செய்தார் என்று ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான், ரிமினியில் பிறந்தவர், தன் ஊரைப் பற்றிய "அமர்கோர்ட்" (1973) படத்துக்காக ரோமில் சினிசிட்டா ஸ்டுடியோவில் ஊரையே செட் போட்டார். அது சினிமா, செட் என்று தெரிந்தே பார்க்கிறோம். ஃபெலினி கையில் அது கலை. நம் மொபைலில் வெறும் பொய்.

கிர்ரி வழிதான் ஒரே வழி என்றும் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லி இப்போது இணையத்தில் ஒரு கூட்டம் எல்லாவற்றுக்கும் வெளிறிய நீலம் பூசி, மேலே கொஞ்சம் பனியைத் தூவுகிறது. அதுவும் வாழ்த்து அட்டைதான், கலர் மாறியிருக்கிறது. மென்மையாகப் பார்க்க முடியாத ஊர்களும் இத்தாலியில் உண்டே. லெட்டிசியா பத்தாலியா பலெர்மோவில் பிறந்தவர். மிலானுக்குப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு 1974-ல் ஊர் திரும்பி, "லோரா" பத்திரிகைக்காக மாஃபியா கொன்றுபோட்ட உடல்களை நாள் தவறாமல் படமெடுத்தவர். 2022-ல் இறந்தார். பிறந்த ஊரைத் திரும்பக் கண்டுபிடிப்பது என்றால் அவருக்கு அது ரத்தம் தோய்ந்த தெரு. செனிகாலியாவில் அச்சகம் நடத்திய மாரியோ ஜாக்கொமெல்லி இன்னொரு விதம்: சுற்றுவட்டார வயல்களை வாழ்நாளெல்லாம் எடுத்தவர், உழவர்களிடம் இப்படி உழு அப்படி உழு என்று கேட்டு நிலத்தில் கோடு போடவைத்தவர். கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த கிழவி முகம் போல வரும் அந்த வயல்கள். இவர்கள் மூவர் படங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஆனால் மூவருமே பார்த்த இடத்துக்கு மறுநாளும் போனவர்கள். வருஷத்துக்கு ஆறு நாள் லீவில் போகிற என் போன்றவர்களுக்கு இது கஷ்டம். ஆறு நாளையும் கோபுரத்துக்கே செலவழிக்காமல் இருக்கலாம், அதற்கு லீவு தேவையில்லை.

காகா எடுத்த மோர்பிப் படங்களைப் பிறகு ஒரு பென்டிரைவில் அனுப்பியிருந்தார். ஒன்றில் கில்ன் பக்கத்தில் ஐந்து பேர் டீ குடிக்கிறோம். ஒருவர் பிகார், இருவர் ஒடிசா, ஒருவர் உ.பி., நடுவில் நான். ஐவரில் ஒருத்தரும் குஜராத்தி இல்லை. மோர்பிக்காரர் யாராவது அதைப் பார்த்து "இது நம் ஊர் இல்லையே" என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ரிமினியிலிருந்து வந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அதற்கு முந்தின பொங்கலில் எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டியபோது, நாலைந்து படம் பார்த்துவிட்டு "இது எந்த ஊருடா?" என்று கேட்டிருந்தார். விருத்தகிரீஸ்வரர் கோயிலையும் மணிமுத்தாற்றையும் அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தேன். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பீங்கான் யூனிட் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. என்னிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை.

இந்தத் தடவை அவரையே வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். "அங்க என்னடா இருக்கு, பூட்டிக் கிடக்கு" என்று வழியெல்லாம் முனகினார். போய் இறங்கியதும் ஆரம்பித்தார்: இது அச்சு வார்க்கிற இடம், இங்கே ஃப்யூஸ் கட்டைகளைக் காயவைப்போம், இந்தத் திண்ணையில்தான் சம்பளம் கொடுப்பார்கள். கேட்டுக்கு முன்னால் எவனோ ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தியிருந்தான். நகர்த்தச் சொல்லட்டுமா என்றார் அப்பா. வேண்டாம் என்று அப்படியே எடுத்தேன்.

ஊரிலேயே பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தவர், இன்னொரு காப்பி வேண்டும் என்றார். கூட வேலை பார்த்த ஒருத்தர் இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறாராம், அவருக்கு அனுப்ப.